மேட்டூர் திறந்த நாளில்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு அட்லாண்டா புறநகரிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆர்லாண்டோவுக்குக் காரில் கிளம்பினோம். நாங்கள் இருவர், எட்டு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா. தாத்தா எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. இருவரும் சேர்ந்து எழுதுகிற கட்டுரை என்பதால் குழந்தை அழைக்கிறபடியே தாத்தா என்று எழுதிவிடுகிறோம்.

வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வந்த நண்பர்கள் அனைவரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்லியிருந்தார்கள். வந்திறங்கும் நாளில் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள், பணம் வீண். விடுதியில் இறங்கி, குழந்தையை நீச்சல் குளத்தில் விட்டு, சீக்கிரம் தூங்குங்கள் என்றார்கள். ஆகவே அன்று எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. வேலையில்லாத நாள் என்பதாலேயே வேறொரு காரியத்தை அன்றைக்கு ஒதுக்கிவைத்திருந்தோம். பெட்டியின் பக்கவாட்டுப் பையில், குழந்தையின் நீச்சல் உடைக்குக் கீழே, தாத்தாவுக்கான நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் கறுப்பு மையில் நிரப்பியிருந்தோம். அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த விண்ணப்பத்தைப் பற்றி அவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பாட்டி 2022 நவம்பரில் காலமானார். தாத்தா 2023 ஏப்ரலில் ஆறு மாத விசாவில் எங்களிடம் வந்தார். அவருக்கு எழுபத்தாறு வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை, அடுத்த வீட்டுக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அன்றிரவே இனி அவரைத் தனியாக விடக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டோம். முடிவை நாங்கள் எடுத்துவிட்டு, சம்மதத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். சம்மதம் வாங்குவதற்கு உலகத்திலேயே சந்தோஷமான இடம் எது என்று யோசித்ததில் ஆர்லாண்டோ வந்தது. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

கார் கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். பின்னிருக்கையிலிருந்து தாத்தா, "தொறந்துட்டாங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை.

"மேட்டூர். இன்னிக்கு ஜூன் பன்னெண்டு இல்லையா?"

கைபேசியில் செய்தியைக் காட்டினார். குறுவைக்காக வழக்கமான நாளிலேயே அணையைத் திறந்திருந்தார்கள். தாத்தா பொதுப்பணித்துறையில் பிரிவு அலுவலராக இருந்து 2005இல் ஓய்வுபெற்றவர். தஞ்சாவூர் மாவட்டத்தில் வெண்ணாற்றிலும் அதன் கிளைகளிலும் முப்பது வருடங்களுக்கு மேல் தண்ணீர் விட்டவர். எங்கள் வீட்டில் ஜூன் 12 ஒரு பண்டிகை நாள்போல. பாட்டி அன்றைக்குப் பாயசம் வைப்பார். அதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம்.

"மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துரும்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, தாத்தா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

ஜார்ஜியாவின் தென்பகுதியில் ஐ-75 நெடுஞ்சாலை நேராக, ஏற்ற இறக்கமில்லாமல் போகிறது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். பீச் பழமும் பீக்கன் கொட்டையும் விற்கும் கடைகளுக்கான விளம்பரப் பலகைகள். வால்டோஸ்டாவைத் தாண்டினால் ஃப்ளோரிடா எல்லை. அதன் பிறகு ஓக் மரங்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ சடை பிடித்துத் தொங்க ஆரம்பித்தது. ஸ்பானிஷ் பாசி என்பார்கள். உண்மையில் அது பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துத் தாவரம். ஓரிடத்தில் நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டோம். தாத்தா சாப்பிட்ட இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, சாலையோர ஓடையை எட்டிப்பார்த்தார். தேநீர் நிறத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது.

"வடியறதுக்கு வழியே இல்லையே" என்றார்.

நாங்கள் சதுப்பு நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருந்தோம். அவருக்கு ஆர்வம் வரட்டும் என்று சொல்ல ஆரம்பித்தோம். 1964, 65ஆம் ஆண்டுகளில் டிஸ்னி நிறுவனம் வெவ்வேறு பெயர்களில் சிறு நிறுவனங்களை ஏற்படுத்தி, விலை ஏறிவிடாமல் இருக்க ரகசியமாக, ஏறத்தாழ 27,000 ஏக்கரை இந்தப் பகுதியில் வாங்கியது. பெரும்பாலும் சதுப்பும் புதரும் முதலைகளும்தான். 1965 அக்டோபரில் செய்தி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துவிட்டார். கட்டுமானத்தை அவர் பார்க்கவில்லை. ஓய்வுபெற இருந்த அண்ணன் ராய், அந்த எண்ணத்தைத் தள்ளிப்போட்டு வேலையை எடுத்துச் செய்தார். டிஸ்னி வேர்ல்டு என்று மட்டும் இருக்கவேண்டிய பெயரில் தம்பியின் முழுப் பெயரும் இருக்கட்டும் என்று சேர்த்தவர் அவர்தான். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தது. அதே டிசம்பரில் ராயும் இறந்துபோனார்.

"அண்ணங்காரன் நல்லவன்" என்றார் தாத்தா. பிறகு, "சதுப்பை எப்படி வடிச்சான்?" என்று கேட்டார்.

அதற்குள் குழந்தைக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. பேச்சு அத்தோடு நின்றது.

*

ஒரு மணிக்கு விடுதிக்கு வந்துசேர்ந்தோம். பாப் செஞ்சுரி என்று பெயர். டிஸ்னி விடுதிகளில் விலை குறைந்த வகையைச் சேர்ந்தது. 2003இல் திறந்தார்கள். 1950களிலிருந்து 1990கள்வரை ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு கட்டடத் தொகுதி. மூன்று மாடி உயரத்துக்குப் பௌலிங் குப்பிகள், யோயோ, ரூபிக் கனசதுரம், கையடக்கத் தொலைபேசி என்று அந்தந்தக் காலத்துப் பொருட்களைப் பிரம்மாண்டமாகச் செய்து கட்டடத்தோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது. தாத்தாவும் அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு எந்தக் கட்டடம்?" என்று கேட்டார். அவர் பிறந்தது 1947. அதற்கு அங்கே கட்டடம் இல்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் 1900களிலிருந்து 1940கள்வரைக்கான பாதியையும் கட்டுவதாகத்தான் திட்டம் இருந்தது. 2001க்குப் பிறகு பயணிகள் குறைந்ததால் அந்த வேலை நின்றுபோனது. அரைகுறைக் கட்டடங்கள் பல வருடங்கள் அப்படியே கிடந்தன. பின்னர் அந்த இடத்தில் கார்ட்டூன் படங்களை வைத்து வேறு விடுதி கட்டி 2012இல் திறந்தார்கள். இரண்டு விடுதிகளுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதற்குத் தலைமுறை இடைவெளிப் பாலம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். வரவேற்புக் கூடத்தில் பெட்டிகளோடு உட்கார்ந்தோம். குழந்தைக்கு அதுவரை பொறுமை இல்லை. நீச்சல் உடையைத் தேடிப் பெட்டியின் பக்கவாட்டுப் பையைத் திறந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் அந்தக் கோப்பு வெளியே வந்துவிட்டது.

"தாத்தா, இதுல உங்க பேர் போட்டிருக்கு!"

தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பழகியவர். முதல் பக்கத்திலிருந்து, விரலை வரியின் கீழே வைத்து, அவசரமில்லாமல் வாசித்தார். சுற்றிலும் மிக்கி காதுகள் அணிந்த குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கான இடத்தைப் பார்த்தார். தாள்களை ஓரம் தட்டி ஒழுங்காக்கி, கோப்பில் வைத்து, எங்களில் ஒருவரிடம் நீட்டினார்.

"தாத்தா இங்கயே இருக்கப் போறீங்களா?" என்றது குழந்தை.

"ஒரு நடை போயிட்டு வரேன்" என்று எழுந்தார்.

கூடவே போயிருக்க வேண்டும். ஆனால் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவரும் மற்றவர் போவார் என்று உட்கார்ந்திருந்தோம்.

*

மத்திய ஃப்ளோரிடாவின் கோடை மழை முன்னறிவிப்பில்லாமல் வருவது. அமெரிக்காவில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று அது. இரண்டே கால் மணிக்கு வானம் கறுத்தது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாதபடி கொட்டியது. நீச்சல் குளங்களிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு ஜனங்கள் ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தாத்தா இல்லை.

அவர் கைபேசியில் உள்ளூர் இணைப்பு கிடையாது. வீட்டு வைஃபையில் மட்டும் வேலைசெய்யும். ஒருவர் குழந்தையோடு கூடத்தில் இருக்க, மற்றவர் குடையில்லாமல் வெளியே ஓடினோம். ஐம்பதுகள், அறுபதுகள், எழுபதுகள் என்று ஒவ்வொரு தொகுதியாக, மாடிப்படிகளின் கீழே எல்லாம் தேடினோம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவரைப் பார்த்தீர்களா என்று எதிர்ப்பட்டவர்களிடம் கேட்டோம். காரில் வருவதால் வேட்டியிலேயே வருகிறேன் என்று அவர் சொன்னபோது நாங்கள் வேண்டாம் என்று வாதாடியது நினைவுக்கு வந்தது. அந்த வேட்டியை வைத்துத்தான் ஒரு பணியாளர் ஏரிப் பக்கம் கைகாட்டினார். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஜனவரியில் அவர் குளியலறைத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை என்பது அந்த ஓட்டத்தில்தான் உறைத்தது.

ஏரிக்கரைப் பாதையில், கட்டடத்தின் தாழ்வாரம் ஒன்றின் கீழ் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தது. புல்வெளியிலிருந்து ஓடிவந்து ஏரியில் விழும் மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்றார்.

கோபமாகப் பேச வந்த வாய் அடைத்துப்போயிற்று. தெரிந்ததைச் சொன்னோம். பனாமா கால்வாயில் பணிபுரிந்த ராணுவப் பொறியாளர் ஜோ பாட்டர் என்பவரைக் கொண்டுவந்து நாற்பது மைல்களுக்கு மேல் கால்வாய்களும், கரைகளும் அமைத்தார்கள். கால்வாய்கள் நேர்கோட்டில் போனால் வாய்க்கால்போலத் தெரியும் என்று, ஆறுபோல வளைத்து வெட்டினார்கள். தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டால் சுற்றியுள்ள காடு செத்துப்போகும். அதனால் மட்டத்தை மட்டும் கட்டுப்படுத்தத் தானாக இயங்கும் மதகுகள் வைத்தார்கள். மின்சாரம் கிடையாது, ஆள் கிடையாது. மிதவை ஒன்று மதகோடு சேர்ந்திருக்கும். மேல்பக்கம் தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி மதகு திறக்கும். இறங்கினால் மூடிக்கொள்ளும்.

தாத்தா விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். மிதவை எங்கே, அச்சு எங்கே, எதிர் எடை எங்கே என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிடிபட்டதும் முகம் மாறியது. ஏப்ரலில் வந்ததிலிருந்து அந்த முகத்தை நாங்கள் பார்த்திருக்கவில்லை.

"ஆளே இல்லாத ஷட்டர்" என்றார். "நம்ம ஊர்ல முறைத் தண்ணி விடறப்ப, லஸ்கர் ராத்திரி ஷட்டர் மேலயே படுத்திருப்பான். இல்லேன்னா எவனாவது வந்து ஏத்தி விட்டுருவான். கடைமடைக்காரன் காலைல என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். உங்க அம்மாதான் காபி கொடுத்துச் சமாதானப்படுத்துவா. இங்க யாரோட சண்டை போடறது?"

சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மழை விட்டிருந்தது. குழந்தையும் வந்து சேர்ந்துகொண்டு, பாலத்தின் அந்தப் பக்கத்துக் கார்ட்டூன் பொம்மைகளை எண்ண ஆரம்பித்தது. அப்போதுதான் தாத்தா கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல மனைவியை இழந்தவர்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல குறி போட்டிருக்கு. யார் போட்டது?"

நாங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முகவரிக்கும் பிறந்த தேதிக்கும் நடுவில் அதையும் நிரப்பியிருந்தோம். யார் கை போட்ட குறி என்று இருவருக்கும் நினைவில்லை.

"ஊர்ல எல்லாத்திலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டுல பேர் நீக்கறது, பேங்க். எல்லாம் அவளைப் பத்தின காகிதம். என்னைப் பத்தி ஒண்ணுலயும் இல்ல. இதுலதான் முதல் தடவையா என்னை எழுதியிருக்கு."

நாங்கள் விளக்கம் சொல்லப் பார்த்தோம். தனியாக இருக்கிறீர்கள், ஜனவரியில் விழுந்தீர்கள், ராத்திரி தொலைபேசி அடித்தாலே எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றோம். எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா ஆத்துல தண்ணி விடறதுக்கு முந்தி கரையோரத்துல தண்டோரா போடணும். ஆடு மாடு இருக்கும், ஜனங்க இருக்கும். சொல்லாம தொறக்கக்கூடாது. தண்ணி நல்ல தண்ணியாவே இருக்கட்டும்."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வேட்டியைப் பிழிந்துவிட்டு, "அறை கிடைச்சிருக்குமா பாருங்க" என்றார்.

*

தூங்கச் சொன்ன நண்பர்களின் அறிவுரையை அன்றிரவு மீறினோம். கோட்டையைப் பார்க்காமல் தூங்கமாட்டேன் என்று குழந்தை பிடிவாதம் பிடித்தது. பூங்காவுக்கு உள்ளே போகத்தான் சீட்டு வேண்டும். பேருந்துக்கும் மோனோரயிலுக்கும் வேண்டாம். மேஜிக் கிங்டம் வாசல்வரை பேருந்தில் போய், அங்கிருந்து விடுதிகளைச் சுற்றிவரும் மோனோரயிலில் ஏறினோம். அது கன்டெம்பரரி விடுதியின் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. குழந்தை கத்தியது. தாத்தாவும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "அடேயப்பா" என்றார்.

பாலினேசியன் விடுதியின் மணற்கரையில் இறங்கி உட்கார்ந்தோம். எதிரே செவன் சீஸ் லகூன். அந்தப் பக்கம் கோட்டை, 189 அடி உயரம், ஏரிக்கு மேல் விரல் அளவுக்குத் தெரிந்தது. எதிரே இருப்பது இயற்கையான ஏரியல்ல, வெட்டியது என்று சொன்னோம். தோண்டிய மண்ணை எடுத்துப்போய்த்தான் பூங்கா இருக்கும் நிலத்தை உயர்த்தினார்கள். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருப்பதால் பள்ளம் பறிக்க முடியாது. ஆகவே பணியாளர்கள் போய்வரும் சுரங்கப்பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, அவற்றைச் சுற்றி மண் நிரப்பி, அதற்கு மேல் பூங்காவை அமைத்தார்கள். உள்ளே நடப்பவர்கள் உண்மையில் ஒரு மாடி உயரத்தில் நடக்கிறார்கள்.

"குளம் வெட்டின மண்ணுல கோயில் கட்டறதுதான்" என்றார் தாத்தா.

இருட்டியபின் நீரில் விளக்கு அலங்கார மிதவைகள் வரிசையாக வந்தன. ஆமை, திமிங்கிலம், கடல்பாம்பு என்று வெறும் விளக்குகளால் ஆன உருவங்கள். 1971இலிருந்து வரும் பழைய வேடிக்கை. இன்றைய கண்ணுக்கு எளிமையாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்த் தெப்பத்தை நினைத்துக்கொண்டோம், யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு கோட்டைக்கு மேல் வாணவேடிக்கை தொடங்கியது. வெளிச்சம் முதலில் வந்தது, சத்தம் ஏரியைக் கடந்து பிறகு வந்தது. குழந்தை தாத்தாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாட்டி 2014இல் எங்களிடம் வந்திருந்தபோது இங்கே அழைத்துவரத் திட்டமிட்டோம். முழங்கால் வலி, இவ்வளவு தூரம் நடக்க முடியாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த இரவில் தாத்தா அதை நினைத்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. வேடிக்கை முடிந்து எழுந்தபோது மணலைத் தட்டிக்கொண்டே, "இன்னிக்குப் பாயசம் வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். விடுதிக்குத் திரும்பும் வழியில் கிடைத்த ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமை நான்கு கரண்டிகள் போட்டுச் சாப்பிட்டோம்.

*

அடுத்த நான்கு நாட்கள் எல்லோரையும்போலப் பூங்காக்களில் அலைந்தோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கோப்பு பெட்டியிலேயே இருந்தது.

தாத்தா அக்டோபர் முதல் வாரம் ஊருக்குத் திரும்பினார். பாட்டியின் முதல் வருடத் திதியைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்றார். நாங்கள் தடுக்கவில்லை. அவர் போய்ச்சேர்ந்த சில நாட்களில், அக்டோபர் 10 அன்று, அணையில் நீர் இல்லாமல் மேட்டூரை மூடிவிட்டார்கள். கடைமடையில் பயிர் காய்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. யாரோ வாசலில் வந்து நிற்கும் சத்தமும், அவர் உள்ளே கூப்பிடும் சத்தமும்கூடக் கேட்டன.

குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டாயிற்று. காலையிலும் இரவிலும் தவறாமல் பேசுகிறோம். பயம் போகவில்லை. விண்ணப்பம் எங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்தக் கட்டம் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, நிரப்பாத தாள் ஒன்றை வைத்திருக்கிறோம். நிரப்பும் நாள் வந்தால் அவரே நிரப்பட்டும்.